புள்ளி வரியா, மொய் விருந்தா, டிரஸ்டா, குத்தகையா: பங்காளி வீட்டுக் கூரைக்குப் பணம் திரட்ட நாங்கள் பார்த்த வழிகள்

போன ஐப்பசி மழையில் எங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவில், தென்மேற்கு மூலையில் ஓடு சரிந்து விழுந்துவிட்டது. வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். அதைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அரை மணி நேரத்தில் நாற்பது பதில் வந்தது. எல்லோருக்கும் மனசு கஷ்டமாக இருந்தது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் எழுதினார்கள். சரி, எவ்வளவு ஆகும், யார் யார் கொடுப்பது, யார் கணக்கில் போடுவது என்று ஒரு சித்தப்பா கேட்டார். அதோடு குழு அமைதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நானும் பெரியப்பா மகன் அண்ணனும் இந்த ஒரே கேள்வியோடுதான் ஆடிட்டர், வக்கீல், கொத்தனார், ஊர்ப் பெரியவர்கள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இதே நிலைமையில் நிற்கும் வீடுகள் ஏராளம். உங்கள் வீடும் அதில் ஒன்றாக இருந்தால் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முகப்பு, அதைத் தாண்டிப் பட்டாலை, நடுவில் வானம் பார்த்த வளவு, வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்த பணத்தில் கட்டியவை. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது, தரைக்கு ஆத்தங்குடிக் கல், சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. 1942இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து வந்த பணம் நின்றது, போருக்குப் பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. வீடு மட்டும் மிஞ்சியது. கட்டியவர் ஒருவர். அவருக்கு நாலு மகன்கள், அவர்களுக்குப் பதினோரு மகன்கள், இப்போது எங்கள் வீட்டுக்கு 31 புள்ளி. புள்ளி என்றால் கல்யாணமான ஆணும் மனைவியும் சேர்ந்த ஒரு குடும்பம், கோயில் வரிக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் செலவுக்கும் அந்தக் கணக்குதான். 31 புள்ளியில் ஊரில் இருப்பது ஒருவரும் இல்லை.

பணத்தை எப்படித் திரட்டுவது என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்குத் திரட்டுகிறோம் என்பதில் நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு கட்டட கான்ட்ராக்டரைக் கூட்டிப் போய் முழு வீட்டுக்கும் மதிப்பீடு வாங்கினோம். 70 லட்சத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தார். அதில் சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு, வளவுத் தரைக்குப் புது டைல்ஸ், இரண்டு பாத்ரூம், மூலைகளுக்குக் கான்கிரீட் என்று எல்லாம் இருந்தது. அந்தத் தாளைக் குழுவில் போட்டதுதான் தப்பு. 70 லட்சம் என்றதும் பாதிப் பேர் அன்றைக்கே மனதளவில் விலகிவிட்டார்கள். அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான கொத்தனாரையும் ஓர் ஆசாரியையும் அழைத்துப் போனோம். அவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கைமரத்தைக் குத்திப் பார்த்தார்கள், ஓட்டின் மேல் ஏறினார்கள். இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் போட்டிருந்த தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது, அந்த வழியாகத் தண்ணீர் மரத்தில் இறங்கி, ஈரத்துக்குக் கரையான் வந்து, மரம் இற்றுப்போய், ஓடு சரிந்திருக்கிறது. அவ்வளவுதான் நோய். நாலு மூலைத் தகரத்தையும் மாற்றி, கெட்ட மரத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஓட்டைப் பிரித்து மேய்ந்தால் 9 லட்சம் என்றார்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவே கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொருமிக்கொண்டு வந்துவிடும் என்றும் கொத்தனார் கையைப் பிடித்துச் சொன்னார். 70 லட்சம் கேட்பதற்கும் 9 லட்சம் கேட்பதற்கும் வழிகளே வேறு. முதலில் கூரை, மற்றதெல்லாம் பிறகு என்று நாங்கள் முடிவு செய்தது அன்றைக்குத்தான், கீழே சொல்வதெல்லாம் அந்த முடிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

குத்தகையிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். ஓட்டல்காரருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டுவிட்டால் அவர்களே பணம் போட்டுப் புதுப்பித்துக்கொள்வார்கள், நமக்கு வாடகையும் வரும். இது வெறும் பேச்சு இல்லை. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்த சாரதா விலாஸ் என்று பழைய வீடுகள் விருந்தினர் தங்கும் இடமாகி நன்றாக நிற்கின்றன. தூண் பளபளக்கிறது, வளவில் கோலம் இருக்கிறது, முக்கியமாகக் கூரை ஒழுகவில்லை. பூட்டிக் கிடந்து இடிவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு இது சரிப்படவில்லை. அந்த வீடுகளின் அளவில் பாதிகூட எங்கள் வீடு இல்லை, அறைக்கு அறை பாத்ரூம் வைக்க இடம் கிடையாது, ஓட்டல் நடத்துகிறவருக்குப் பத்துப் பன்னிரண்டு அறையாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்று பேசிப் பார்த்த ஒருவர் நேர்மையாகவே சொன்னார். அதைவிடப் பெரிய சிக்கல் கையெழுத்து. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும், கூட்டுச் சொத்து என்பதால் பங்கு உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கேதான் புள்ளிக் கணக்கும் சட்டக் கணக்கும் பிரிகின்றன. வழக்கப்படி பெண்பிள்ளைகள் கட்டிக்கொடுத்த வீட்டில் புள்ளி, பிறந்த வீட்டில் அவர்களுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு கொடுக்கின்றன. அப்படிப் பார்த்தால் எங்கள் 31 புள்ளி கையெழுத்துக்கு வரும்போது 60 பேருக்கு மேல் ஆகிறது. இதைப் பல வீடுகளில் வாய் திறந்து பேசுவதே இல்லை. என் அத்தையிடம் நான் கேட்டபோது, "இத்தனை வருசத்துல இந்த வீட்டுக்கு என்ன வேணும்னு என்கிட்ட யாருமே கேட்டதில்லப்பா" என்றார். குத்தகைக்குப் போகிறீர்களோ இல்லையோ, பெண்பிள்ளைகளிடம் போய்ப் பேசுங்கள். கையெழுத்து வேண்டும் என்பதற்காகப் போகாதீர்கள், அது அவர்கள் பிறந்த வீடு.

குத்தகைக்கே போவதாக இருந்தால் ஒரு விஷயம். வருடத்துக்கு ஒரு முறை படைப்புக்கும், கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வந்தால் அதற்கும் வீடு எத்தனை நாள் நமக்கு வேண்டும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். சுவரில் எதைப் பூசலாம், எதை இடிக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

சினிமா ஷூட்டிங் வாடகையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வந்தால் நல்ல காசுதான், ஆனால் ஒழுகுகிற வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை, வந்தாலும் ஆணி அடிப்பதையும் பெயின்ட் அடிப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். கூரை சரியான பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்றும் குழுவில் ஒருவர் சொன்னார், பின்கட்டுத் தூணும் இரண்டு நிலைக்கதவும் விற்றால் கூரைச் செலவு வந்துவிடும் என்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நடந்து பாருங்கள். எந்தெந்த ஊர் வீடுகளின் கதவுகளோ, தூண்களோ, கண்ணாடிப் படங்களோ, கல்யாணச் சீர்ப் பாத்திரங்களோ அங்கே வரிசையாக நிற்கும். எனக்கு அந்தத் தெருவில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை. பின்கட்டுத் தூண் போனால் பின்கட்டுக் கூரை போகும், அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு தூண் விற்க வேண்டியிருக்கும். அண்ணன் இதற்கு ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று எழுதினார், அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது ஆன்லைனில் பொதுமக்களிடம் திரட்டுவது. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் மருத்துவச் செலவுக்குத் திரட்டுவதைப் பார்த்த எங்கள் வீட்டு இளசுகளுக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். நல்ல வீடியோ எடுத்து, வீட்டின் கதையைச் சொல்லி, 2014இலிருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் சொன்னால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் என்றார்கள். வரலாம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி ஒன்று. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டுமில்லை, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். உறவினர் யார் என்பதற்கும் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் சித்தப்பாவும் பெரியப்பாவும் வருவார்கள், சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் வரமாட்டார்கள். இதைக் கேட்டபோது நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அந்தப் பட்டியல்படி நாங்கள் இருவரும் உறவினர் இல்லை. பங்காளிகள் தங்கள் சொந்தச் சொத்தைப் பழுது பார்க்கப் போடும் பணம் நன்கொடை இல்லை, அது வேறு கணக்கு, ஆனால் அதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணைக் குழுவில் போட்டு "எல்லோரும் இதுக்கு அனுப்புங்க" என்று தொடங்குவதற்கு முன்னால் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, கேட்கும் உரிமை. ஊர் பேர் தெரியாத ஒருவர் 500 ரூபாய் அனுப்பினால் அந்த வீட்டில் அவருக்கு என்ன இருக்கிறது? பூட்டிய கதவைத்தானே அவர் வந்து பார்ப்பார். தனியார் வீட்டுக்குப் பொதுப் பணம் வாங்கினால் வீட்டின் ஒரு பகுதியையாவது பொதுவுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. முகப்பில் ஒரு நூலகம், ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, ஏதாவது ஒன்று. எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் எல்லோரும் சம்மதிக்கவில்லை, சம்மதிக்காமல் வெளியாரிடம் கை நீட்டுவது சரியில்லை என்று பட்டது. மூன்றாவது, ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. இவ்வளவு பெரிய வீடு வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள், முதலில் தாங்கள் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இதோடு சேர்ந்ததுதான் டிரஸ்ட் வழி. டிரஸ்ட் பதிவு செய்து, 12ஏ, 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகளை வாங்கிவிட்டால் கொடுக்கிறவர்களுக்கு வரிக்கழிவு உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். அது பொதுக் காரியத்துக்கான டிரஸ்டுக்கு. ஒரு குடும்பத்தின் சொத்தைப் பழுது பார்த்துக் குடும்பத்துக்கே வைத்துக்கொள்வது பொதுக் காரியம் ஆகாது. வீட்டையே டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்து, அதை அருங்காட்சியகமாகவோ நூலகமாகவோ பொதுவுக்கு நடத்தினால் அது வேறு. அப்படியும் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது.

வெளிநாட்டுப் பங்காளிகள் பாடு இன்னும் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் இருக்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக டிரஸ்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். அதை வாங்க டிரஸ்டுக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், அந்தப் பதிவுக்கு டிரஸ்ட் மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அதற்குள் 15 லட்சமாவது தன் காரியத்துக்குச் செலவு செய்திருக்க வேண்டும். எங்கள் மூலை மூன்று வருடம் தாங்காது. நூறு வருடத்துக்கு யோசிக்கிற குடும்பங்களுக்கு, முக்கியமாக அடுத்த தலைமுறையில் யாரும் வந்து தங்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்ட வீடுகளுக்கு, டிரஸ்ட்தான் கடைசியில் சரியான வழியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒழுகும் கூரைக்கு அது மருந்தில்லை.

மொய் விருந்து பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை, நான்தான் பேச்செடுத்தேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லைப் பக்கம், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி ஊர்களில் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், லட்சக்கணக்கில் வரும். வட்டி இல்லை, அடமானம் இல்லை, நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும், அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். இதைவிட நேர்மையான நிதி திரட்டல் எனக்குத் தெரியாது. ஆனால் மொய் என்பது கடன், திருப்பிச் செய்ய ஒரு தனி ஆள் வேண்டும். 31 புள்ளிக்குச் சொந்தமான வீட்டின் பெயரில் வாங்கிய மொய்யை யார் நினைவில் வைத்து எந்த ஊர்ப் பந்தலில் போய்ச் செய்வது? அதனால் விட்டுவிட்டோம். ஆனால் ஒன்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். மொய் நோட்டு எல்லோர் முன்னாலும் எழுதப்படுவது, எல்லோரும் பார்க்கக்கூடியது.

கடைசியில் நாங்கள் போனது பழைய வழிதான், புள்ளி வரி. கோயில் திருப்பணிக்கு எப்படிப் புள்ளிக்கு இவ்வளவு என்று வைக்கிறோமோ அப்படி. புள்ளிக்கு 30,000 ரூபாய், மொத்தம் 9 லட்சத்து 30 ஆயிரம். கூரைக்கு மட்டும். இதில் உள்ள நல்லது, யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை, பெரிய தொகை கொடுத்தவர் வீட்டை நடத்த நினைப்பதும் இல்லை. ஒரு பங்காளி நான் ஒருவனே 5 லட்சம் தருகிறேன் என்று முன்வந்தார். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், கூரைக்கு எல்லோரும் சமம், அதற்கு மேல் விருப்பப்பட்டதை இரண்டாவது கணக்கில் போடுங்கள் என்றோம்.

இதில் உள்ள கெட்டது, சம வரி எல்லோருக்கும் சம பாரம் இல்லை. அமெரிக்காவில் இருப்பவருக்கு 30,000 ஒன்றுமில்லை, தேவகோட்டையில் சின்னக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அது மூன்று மாதச் சேமிப்பு. அதற்காகப் பத்து மாதத் தவணை வைத்தோம். யார் ஒரேயடியாகக் கட்டினார்கள், யார் தவணையில் கட்டுகிறார்கள் என்பது கணக்குப் பார்க்கும் இருவருக்கு மட்டும் தெரியும், நோட்டில் முழுத் தொகை கட்டியதும்தான் பெயர் ஏறும். கட்ட முடியாதவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் பங்கை இரண்டாவது கணக்கிலிருந்து எடுத்துப் போட்டோம், யார் என்று குழுவில் சொல்லவில்லை.

பெண்பிள்ளைகளிடம் வரி கேட்கவில்லை, ஆனால் குழுவில் சேர்த்தோம், அவர்களும் தரலாம் என்றோம். அத்தை 10,000 அனுப்பினார். ஆத்தா நினைவாக என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு இன்னும் ஏழு ஆச்சிமார் அனுப்பினார்கள். இரண்டாவது கணக்கில் இன்று இருப்பதில் பெரும்பகுதி அவர்கள் கொடுத்தது.

கணக்கு மூன்று பேர் பெயரில் கூட்டாக, இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாது. மூவரில் ஒருவர் பெண்பிள்ளை வழி. பில் ஒவ்வொன்றும் அன்றன்றைக்கே குழுவுக்கு வரும், ஆணி வாங்கிய 240 ரூபாய் உட்பட. கூரை முடிந்ததும் மிச்சமிருப்பதை டெபாசிட்டில் போட்டு, வருடா வருடம் மழைக்கு முன்னால் ஒரு முறை ஓட்டின் மேல் ஆள் ஏற்றிப் பார்க்கும் செலவுக்கு அதன் வட்டியை வைக்கப்போகிறோம். மூலைத் தகரத்தைத் துருப்பிடித்த வருடமே மாற்றியிருந்தால் இந்த 9 லட்சம் வந்திருக்காது என்று கொத்தனார் சொன்னது மனதில் நிற்கிறது.

ஒன்று மட்டும் மாற்றிச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது, பணம் கேட்பதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு நாள் வீட்டுக்கு வரவழைத்திருக்க வேண்டும். படைப்பன்று வந்தவர்கள் வளவில் நின்று அந்த மூலையை அண்ணாந்து பார்த்தார்கள், வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அன்று மாலைக்குள் ஆறு பேர் பாக்கித் தவணையைக் கட்டிவிட்டார்கள். போட்டோவில் பார்த்தவர்கள்தான் அவர்களும்.

வேலை ஆனி கடைசியில் தொடங்கியது. பழைய நாட்டு ஓடு இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம், பக்கத்து ஊரில் பிரித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து இரண்டு வண்டி வாங்கினோம். முகப்புத் திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறது. கொத்தனார் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் கேட்டு, நல்லதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.